வாட்டக்காவின் முட்டைக்கோஸ் நாற்றுகள்

வாட்டக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான். செல்லமாக வைத்த பெயர் இல்லை. செடிகளைத் தண்ணீர் காட்டாமல் வாட்டுகிறாளே பாவி என்று வயிறெரிந்து வைத்த பெயர். தெருவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பால் போடுகிறவர் அப்படித்தான் கூப்பிட்டார். நாற்று வாங்க வருகிறவர்கள் தெருமுனையில் நின்று, "இங்க வாட்டக்கா வீடு எதுங்க?" என்று கேட்டார்கள். அவளும் மறுப்புச் சொல்வதை ஒருநாள் நிறுத்திவிட்டாள். எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது?

வீட்டின் பின்புறம் அவளுடைய நாற்றுப்பண்ணை இருந்தது. பண்ணை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு நிழல்வலைக் கூடாரம், மரப்பலகை மேடைகள், அவற்றின்மேல் வரிசையாகக் குழித்தட்டுகள். தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. முளைத்து நாலைந்து இலை விடும்வரை அவளும் மற்றவர்களைப் போலத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் தெருவுக்குப் பிடிக்காத வேலை ஆரம்பிக்கும். தட்டுகளைக் கூடாரத்திலிருந்து எடுத்து வெட்டவெளி மேடைகளில் வைத்துவிடுவாள். வெயில் அடிக்கட்டும், காற்று அடிக்கட்டும், குளிர் கடிக்கட்டும். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, பிறகு அதிலும் பாதியாகக் குறைப்பாள். இலை தலை தொங்கும் வரை காத்திருந்து, இனித் தாங்காது என்ற நிலையில் மட்டும் கொஞ்சம் ஊற்றுவாள். இதற்கு அவள் சொல்லும் பெயர் பழக்குவது.

கல்யாணத்துக்கு முன்பு ஊருக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடிக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். அங்கே நாற்றுகளுக்கு ராஜ உபசாரம். நேரத்துக்குத் தண்ணீர், நேரத்துக்கு உரம், குளிரடித்தால் சூடு, சூடேறினால் விசிறி. பச்சைப்பசேல் என்று தளதளத்து வளரும். வாங்கிப் போகிறவர்கள் முகமெல்லாம் சிரிப்பாகப் போவார்கள். ஒரு வாரத்தில் அதே முகங்கள் திரும்பி வரும், சிரிப்பு மட்டும் இருக்காது. முதல் அனல்காற்றில் சுருண்டுபோச்சு, முதல் குளிரில் கருகிப்போச்சு என்று கத்துவார்கள். வாசலில் நின்று அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொள்வதுதான் அவளுடைய வேலை. உள்ளே இருக்கும் முதலாளி காதுக்கு ஒரு சொல் போகாது. ஒருநாள் எருக்குழிக்குப் பின்னால் யாரோ மறந்துபோட்ட ஒரு தட்டைப் பார்த்தாள். நாற்றுகள் குட்டையாக, தண்டு ஊதாநிறமாக, இலை தடித்துச் சாம்பல் பூத்தமாதிரி கிடந்தன. பிடுங்கி எறிய மனமில்லாமல் வெளியே ஒரு மூலையில் நட்டுவைத்தாள். அந்த வருடக் குளிரில் உள்ளேயிருந்து விற்றுப்போனதெல்லாம் செத்தது. மூலையில் இருந்தது மட்டும் முட்டைக்கோஸாக உருண்டு நின்றது. அதற்கப்புறம் அவளுக்கு அந்த வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை.

அவள் வந்து சேர்ந்த வீடோ இரக்கத்துக்குப் பேர்போன வீடு. மாமனார் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஒரு தெருவுக்குத் திறப்பதும் இன்னொரு தெருவுக்கு மூடுவதுமாக இருந்த மனிதர். அவர் மூடும்போதெல்லாம் யாராவது குடத்தோடு ஓடிவந்து, "இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கய்யா" என்று கெஞ்சுவார்களாம். வாடிய இலை ஒவ்வொன்றும் அவருக்குக் காலிக்குடமாகத் தெரிந்தது. கணவன் சரக்குவேன் ஓட்டுகிறவன். ரோட்டில் நாய் படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, அதை எழுப்பி, அது போகிறவரை காத்திருந்து ஏறுகிற ஜாதி. ஆபீசில் அதற்காகத் திட்டு வாங்காத வாரம் இல்லை.

இந்த வருடம் அவளுக்கு ஒரே ஒரு கவலை. மேட்டுநிலத்தில் முட்டைக்கோஸ் போடுகிற ஒரு தோட்டக்காரர். பெரிய தோட்டம். போன வருடம் முதல்முறையாக அவளிடம் நாற்று வாங்கினார். நட்ட சில நாளில் உறைபனி இறங்கி முக்கால்வாசி போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "இந்த வருஷம் கடைசியா ஒரு தடவை பார்க்கறேன். இதுவும் போச்சுன்னா நான் கண்ணாடிக்கூடத்துலயே வாங்கிக்கறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டால் மேட்டுநிலத்துக்காரர்கள் அத்தனைபேரும் அவர் பின்னாலேயே போவார்கள். பிறகு பண்ணையை மூடிவிட்டு மறுபடி அந்தக் கண்ணாடிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அவளுக்குப் புரியாதது ஒன்று. போன வருடமும் நாற்றுகளைப் பழக்கித்தானே கொடுத்தாள்? பழக்கின செடி எப்படிச் சாகும்?

அன்று காலை தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள். தட்டின் கனமே அவளுக்குச் சேதி சொல்லிவிடும். காய்ந்த தட்டு காலி டப்பா மாதிரி கையோடு வரும். வீட்டுப்பக்கத்து மேடையில் முதல் தட்டைத் தூக்கினாள். அது ஊறவைத்த துணிமூட்டை மாதிரி கனத்தது. அடுத்ததும் அப்படியே. குனிந்து இலையைத் தடவினாள். வழுவழுவென்று, மெத்தென்று, கண்ணாடிக்கூடத்துப் பச்சை. தண்டில் ஊதாநிறம் பேருக்குக்கூட இல்லை. வேலியோரத்து மேடைகளுக்கு நடந்தாள். அங்கே தட்டுகள் லேசாக இருந்தன. நாற்றுகள் குட்டையாக, விறைப்பாக, முறைத்துக்கொண்டு நின்றன.

"சரி, யாரோ விளையாடறாங்க" என்று முணுமுணுத்தாள். கடைக்குப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரை போய், சந்துவழியாகத் திரும்பி வந்து, பின்கதவைத் தள்ளினாள்.

மாமனார் குழாயோடு நின்றிருந்தார். கணவன் பூவாளியோடு நின்றிருந்தான். மதில்மேல் தையல்காரம்மாவின் தலையும் ஒரு கையும் தெரிந்தன. கையில் இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். மூன்றுபேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தவர்கள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையிலேயே அப்போதுதான் பார்த்திருந்தார்கள். தினமும் ஆளுக்கொரு நேரம் ரகசியமாக வந்து ஊற்றிவிட்டுப் போனவர்கள் அன்றைக்குத்தான் ஒரே நேரத்தில் மாட்டினார்கள்.

"மாமா!"

"இல்லம்மா... குழாய் ஒழுகுதான்னு பார்த்தேன்."

"செடிக்கு நேராப் பிடிச்சா பார்ப்பீங்க?"

"ஏம்மா, நாக்கு வறண்டு நிக்குதும்மா அதுங்க. உனக்குக் கண்ணு இல்லையா? நான் எத்தனை தெருவுக்குத் தண்ணி விட்டவன், என் வீட்டுக் கொல்லையில ஒரு உசுரு தவிச்சா எனக்குத் தூக்கம் வருமா?"

"நீங்க?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் கொஞ்சம்தான் ஊத்தினேன். நீ மறந்திருப்பேன்னு நெனச்சு..."

"மறந்தேனா? தண்ணி ஊத்தாம இருக்கறதுதாங்க என் வேலையே! ஒரு வேலையை எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யாம இருக்கேன், அதைப் போய் எல்லாருமாச் சேர்ந்து செஞ்சு முடிச்சிருக்கீங்க!"

மதிலுக்கு மேலிருந்து தையல்காரம்மா, "நான் சும்மா தெளிச்சுத்தான் விட்டேன், அக்கா. ஊத்தலை" என்றாள்.

"போன வருஷமும் தெளிச்சீங்களா?"

பாட்டில் மட்டும் மெல்ல மதிலுக்குப் பின்னால் இறங்கியது. கணவன் பூவாளியைப் பார்த்தான். மாமனார் வானத்தைப் பார்த்தார். போன வருடத்து முட்டைக்கோஸ் ஏன் செத்தது என்று யாரும் வாயைத் திறக்காமலே தெரிந்துபோயிற்று.

அவள் தலையில் அடித்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்துவிட்டாள். "நான் இதுங்களைப் பட்டினி போடலை மாமா, பழக்கறேன். தண்ணி குறைஞ்சாத்தான் செடி உஷாராகும். இலையில இருக்கற துவாரத்தையெல்லாம் மூடிக்கும். மேல மெழுகு பூசிக்கும். வேரை ஆழமா விடும். உள்ள இருக்கற தண்ணியைக் குறைச்சு சர்க்கரையைச் சேர்த்து வச்சுக்கும். வெறும் தண்ணி சட்டுனு உறையும், சர்க்கரைத்தண்ணி அவ்வளவு சீக்கிரம் உறையுமா? வெயிலோ வறட்சியோ குளிரோ, எது வந்தாலும் பழகினது தாங்கும். நீங்க குடிக்கக் குடிக்கக் குடுத்தீங்கன்னா இலையெல்லாம் தண்ணிப்பை மாதிரி ஊதி நிக்கும். பனி வந்தா ஒரே ராத்திரியில படார்."

மாமனார் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?"

"வருஷா வருஷம் சொல்றேன் மாமா!"

"இப்படி விளக்கமாச் சொல்லலையே."

வேலியோரத்து மேடைகள் தப்பியதற்குக் காரணம் மாமனாரின் முழங்கால்வலி. அவ்வளவு தூரம் குழாயை இழுத்துக்கொண்டு நடக்க அவரால் முடியவில்லை. கணவனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும். தையல்காரம்மாவின் கை எட்டாது. தோட்டக்காரர் கேட்டதற்குச் சற்றேறக்குறைய அந்த மேடைகள் போதும். அவை பிழைத்தால் அவளும் பிழைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் கட்டுப்பாடு. மாமனார் குற்ற உணர்ச்சியில் புது ஆளாகிவிட்டார். செய்வதை அரைகுறையாகச் செய்யாத மனிதர். கொல்லைக்குப் போகிற குழாயின் வால்வை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒரு சொட்டு போகாது. நீயே கேட்டாலும் குடுக்கமாட்டேன்" என்றார். அவளும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனாள். அந்த நெகிழ்ச்சி எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மறு வாரம் தெரிந்தது.

நாற்று எடுக்கத் தோட்டக்காரர் வருவதற்கு முந்தின நாள். மதியச் செய்தியில் அன்றிரவு உறைபனி என்று சொன்னார்கள். எப்போதும் வருவதைவிட முன்கூட்டியே வருகிறது. அவள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பனி வருகிற இரவில் செய்ய வேண்டியது வேறு. தட்டுகளை மேடையிலிருந்து தரைக்கு இறக்க வேண்டும். வெயில் இருக்கும்போதே தரைமண்ணையும் தட்டையும் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் சூடு தங்காது. ஈரமண் பகல்வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடும். பழக்கி முடித்தாயிற்று, இப்போது தண்ணீர் வேண்டும், அதுவும் வெயில் சாய்வதற்குள் வேண்டும்.

குழாயைத் திறக்கப் போனாள். கைப்பிடி இல்லை. சமையலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தால் வெயில் சாய்வதற்குள் முடியாது. மாமனாரும் இல்லை. சீட்டாடப் போயிருந்தார், சட்டைப்பையில் கைப்பிடியோடு. போன் செய்தால் அது வீட்டுக் கூடத்திலேயே அடித்தது.

மதிலருகே ஓடினாள். "தையல்காரம்மா! உங்க குழாயிலேர்ந்து தண்ணி விடுங்க. அவசரம்!"

தையல்காரம்மா தைப்பதை நிறுத்தாமலே சிரித்தாள். "சோதிக்கறீங்களா, அக்கா?"

"சோதனையும் இல்ல, வேதனையும் இல்ல. தண்ணி வேணும்!"

"போன வாரம்தானே அவ்வளவு பெரிய பாடம் எடுத்தீங்க? நான் திருந்திட்டேன். என்னைக் கெடுக்காதீங்க."

"அம்மா, தாயே, பனி வருது. செடிக்குத் தண்ணி ஊத்தணும்!"

"ஊத்துனா படார்னு சொன்னீங்களே?"

"அது பழக்கறப்ப! இது பனிக்கு!"

"நல்லா இருக்கு உங்க நியாயம். நாங்க ஊத்துனா கொலை, நீங்க ஊத்துனா வைத்தியமா?"

அந்த நேரத்தில் அவளுக்கு மதிலின் இந்தப்பக்கம் நின்று அழலாமா, ஏறிக் குதித்து அந்தத் தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் போடலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் வேன் ஓட்டும் கணவனுக்குப் போன் செய்தாள். நல்லவேளையாக அவன் எடுத்தான். "சீட்டாடற இடத்துக்குப் போய் உங்கப்பாகிட்டேர்ந்து வால்வுக் கைப்பிடியை வாங்கிட்டு உடனே வாங்க" என்றாள்.

எதிர்முனையில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "யாராவது பக்கத்துல நின்னு உன்னை இப்படிப் பேச வைக்கறாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். திரும்ப வைத்து, இனி இந்த வீட்டில் தனக்கு எந்த ஜென்மத்திலும் வேலை இல்லை என்றும், நாளைக்கே கண்ணாடிக்கூடத்துக்குப் போய்விடுவதாகவும், அங்கே குறைந்தபட்சம் திட்டுகிறவர்கள் வெளியாட்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். அதற்குள் அவன் வண்டியைத் திருப்பியிருந்தான்.

கைப்பிடி வந்தபோது வெயில் சாய்ந்து மதிலின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. மாமனாரும் வேனில் வந்திறங்கினார், கைப்பிடியைப் பையில் பொத்திப் பிடித்தபடி. கொடுப்பதற்கு முன் மருமகள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் கேக்கறியாம்மா?"

"குடுங்க மாமா!"

அந்தக் குரலுக்குக் கைப்பிடி தானாகக் கை மாறியது. தரையை நனைத்தார்கள், தட்டுகளை இறக்கினார்கள், இலையில் படாமல் வேருக்கு ஊற்றினார்கள். மூடுவதற்குத் துணி போதவில்லை. தையல்காரம்மா கடைசியில் மனமிரங்கி, வாடிக்கையாளர் எடுக்காமல் போன திரைச்சீலைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியும் ஒரு பக்கத்துக்குத்தான் காணும்.

"வேலியோரத்து நாத்துக்குப் போடு. அதுதானே தோட்டக்காரருக்கு?" என்றான் கணவன்.

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இல்ல. வீட்டுப்பக்கத்துக்குப் போடுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வேலியோரம் திறந்தே கிடக்கட்டும்."

"திறந்தேவா? நாளைக்கு அந்த ஆள் வந்து..."

"தெரியும். போடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய்ப் படுத்தவள் ராத்திரி முழுக்கப் பாய்க்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டுதான் இருந்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். கொல்லை முழுக்க வெள்ளை. வேலியோரத்து நாற்றுகள் கண்ணாடித்துண்டு மாதிரி விறைத்து, கரும்பச்சையாக, தட்டோடு தட்டாகச் சரிந்து கிடந்தன. பார்த்தால் பிணம். வாசலில் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் வந்துவிட்டார். பனி என்றதும் அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அப்போ இந்த வருஷமும் அவ்வளவுதான்."

"உட்காருங்க" என்றாள்.

"எதுக்கும்மா? செத்ததுக்குக் காவலா?"

"சாகலை. வெளிய உறைஞ்சிருக்கு. உசுரு உள்ள இருக்கு. வெயில் வரட்டும்."

அந்தச் சமயம் பார்த்து மாமனார் சமையலறையிலிருந்து ஆவி பறக்கும் கெட்டிலோடு வந்தார். "நகருங்க, நகருங்க, வெந்நீர் ஊத்திப் பனியைக் கரைச்சுடலாம்!"

அவள் இரண்டு கைகளையும் விரித்துத் தட்டுகளுக்கு முன்னால் நின்றாள். "மாமா! ஒரு சொட்டு அதுமேல பட்டாலும் நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். சட்டுனு சூடாக்கினா செத்துரும். தொடாதீங்க. ஊதாதீங்க. பக்கத்துல மூச்சுகூட விடாதீங்க!"

மாமனார் கெட்டிலோடு அப்படியே நின்றார். கெட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்போ டீயாவது போடட்டுமா?" என்றார்.

டீ போட்டார். தோட்டக்காரர் வேறு வழியில்லாமல் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து குடித்தார். வெயில் மதிலைத் தாண்டி மெதுவாகக் கொல்லைக்குள் இறங்கியது. வெள்ளை கரைந்து ஈரமாயிற்று. வேலியோரத்து இலைகளில் கருமை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. நடுத்தட்டில் ஒரு நாற்று, தூக்கக் கலக்கத்தில் எழுகிற பிள்ளை மாதிரி, அரைகுறையாக நிமிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. தோட்டக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது தட்டு முழுக்க நின்றிருந்தது. அங்கங்கே சில எழவில்லை. மற்றதெல்லாம் எழுந்துவிட்டது.

வீட்டுப்பக்கம் போய்த் திரைச்சீலையை அவள்தான் விலக்கினாள். உள்ளே எல்லாம் வெந்த கீரை மாதிரி குழைந்து கிடந்தது. கணவன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போன வருஷம் உங்களுக்கு வந்தது இது" என்றாள் தோட்டக்காரரிடம், குழைந்து கிடந்ததைக் காட்டி. "எங்க வீட்டுல இரக்கப்பட்டுத் தண்ணி ஊத்திட்டாங்க. எனக்கே போன வாரம்தான் தெரியும். உங்க மண்ணுமேலயும் தப்பில்ல, ஆளுங்கமேலயும் தப்பில்ல."

கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று அர்த்தம். தோட்டக்காரருக்கு முகம் சிவந்தது. "நட்டது சரியில்லன்னு நான் பழைய ஆளையெல்லாம் மாத்தினேனேம்மா! ஒரு வருஷம் மண்ணைக் குத்தம் சொல்லிட்டிருந்தேன்!" என்று பொரிந்து தள்ளினார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். அவர் ஓய்ந்ததும் வேலியோரம் போய்த் தானே ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார், இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"இதை ஏத்துங்க" என்றார். "சீசன் முழுக்க நீங்களே குடுங்க. ஆனா இப்படித்தான் இருக்கணும். வீட்டுல யாராவது இரக்கப்பட்டாங்கன்னா எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க."

"இரக்கப்பட மாட்டாங்க" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு.

தட்டுகளைக் கணவனின் வேனில் அடுக்கினார்கள். தோட்டக்காரர் தன் வண்டியில் முன்னால் போனார். கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவளும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வர்றே? நான் இறக்கிட்டு வந்துட மாட்டேனா?"

"ஓட்டுங்க."

மேட்டுப்பாதை ஏறத் தொடங்கியது. நன்றாக வெயில் ஏறிவிட்டது. அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான், மறுபடி ரோட்டைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியில் பார்த்தான். பாதையோரம் ஒரு தண்ணீர்த்தொட்டி வந்தது. வண்டி தானாக மெதுவானது மாதிரி இருந்தது.

"வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அதுங்க மேல ஒரு கை தண்ணி..."

அவள் கையை நீட்டி, அவன் காலுக்குப் பக்கத்தில் குனிந்து, ஆக்சிலேட்டரைக் காட்டினாள்.